சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன்

தமிழ்ச் சிறுகதைக்குப் புதுவழி வகுத்த பெருமக்களுள் தலையாயவர் புதுமைப்பித்தன். சொ. விருத்தாசலம் என்பது அன்னாரின் இயற்பெயர். 1906ஆம் ஆண்டு சித்திரைத் திங்களிலே திருப்பாதிரிப்புலியூரிற் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். திருநெல்வேலி இந்துக் கல்லூரியிற் கற்று 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றார். மகாகவி பாரதியார் பயின்றதும் அந்நிறுவனத்திலேயாம். இந்துக் கல்லூரி ஒன்றின் மைந்தராகிய நாம், மற்றோர் இந்துக் கல்லூரி ஈன்ற மாணவரை இவ்விழா மலரில் நினைவுகூர்தல் பொருத்தமுடைத்து.

தந்தையார் அரசாங்க உத்தியோகத்தர். மகனோ உத்தியோகத்தை நாடாது, பேனாவை நம்பிச் சென்னை சென்றார். 1934 முதல் ‘மணிக்கொடி’ இதழில் அவர் கதைகள் ஒளிவிட்டன. ‘பொன்னகரம்’, ‘சாப விமோசனம்’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ முதலியன அழியாப் புகழ் பெற்றவை. ‘துன்பக் கேணி’ என்னும் நெடுங்கதை நமக்கு மிக அணித்தானது. நெல்லைச் சீமையினின்று இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஏழைப் பெண்ணின் அவலத்தை அது கூறுகின்றது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே அத்தகைய தொழிலாளர் நம் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தனர். வழியிலே மாண்டோர் பலர். இதனை எண்ணுவார்க்கு அக்கதை வெறுங்கதை அன்று.

‘தினமணி’யில் ஆண்டுகள் பல உழைத்தவர், நிருவாகத்தோடு ஏற்பட்ட பிணக்கினால் 1943இல் விலகினார். பின்னர் ‘தினசரி’யிற் சிலகாலம் பணியாற்றித் திரைப்படத் துறை புகுந்தார். ‘ஔவையார்’, ‘காமவல்லி’ ஆகிய படங்களின் எழுத்துப் பணியிற் பங்கு கொண்டார். தாயார் பெயர் விளங்கப் ‘பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, ‘வசந்தவல்லி’ என்ற படத்தை எடுக்க முயன்றார், முயற்சி கைகூடவில்லை. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’க்கு எழுதும்பொருட்டுப் புனா சென்றவரைக் காசநோய் பற்றியது. 1948இல், நாற்பத்திரண்டே வயதில், திருவனந்தபுரத்தில் மறைந்தார். ‘ராஜமுக்தி’ அவர் மறைந்த பின்னரே திரைக்கு வந்தது. ‘ஔவையார்’ 1953இலேதான் வெளிவந்தது.

இலக்கியத்தை விட்டுப் படவுலகுக்குப் போனது பிழையன்றோ என மாணவர் சிலர் வகுப்பிலே வினவுவர். பிழை யாருடையது? அவர் கதைகளைப் படித்து வியந்தோர் பலர். நூலை விலை கொடுத்து வாங்கியோர் சிலர். எழுத்து சோறிடாதபோது, சோறிடும் இடத்தை எழுத்தாளன் தேடுதல் இயல்பே. 2002இல் தமிழ்நாட்டரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கிற்று. அச்சிறப்பு அவர் மறைந்து ஐம்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்தபின் வந்தது.

பழைய மாணவ அன்பர்களே, நம் ஊர்ப் புறங்களிலும் எழுதும் இளைஞர் உளர். அவர்தம் நூலொன்றை இன்றே விலை கொடுத்து வாங்குவோமாக. வாழும்போது செய்யும் சிறு உதவி, மாண்டபின் எடுக்கும் பெருவிழாவினும் மாணப் பெரிது.