துடைப்பம் ஏந்திய துறவி காட்கே மகராஜ்

கையில் ஒரு துடைப்பம். தலையில் தொப்பி போல் கவிழ்த்த மண் சட்டி. உடம்பில் பல நிறத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த சட்டை. இந்தக் கோலத்தில் ஒருவர் ஊருக்குள் நுழைவார். நேரே தெருவைக் கூட்டத் தொடங்குவார். அடைத்துக் கிடக்கும் சாக்கடையைத் தள்ளி விடுவார். வேலை முடிந்த பிறகுதான் சாப்பாடு கேட்பார். பணம் கொடுத்தால் தனக்கென்று வாங்க மாட்டார். இரவானால் அதே ஊரில் அவருடைய பஜனை நடக்கும்.

மராட்டிய மண்ணில் வாழும் தமிழர்கள் காட்கே மகராஜ் என்ற பெயரைச் சாலைகளிலும் பள்ளிகளிலும் பார்த்திருப்பார்கள். அவருடைய கதை எல்லோருக்கும் தெரிந்திருக்காது.

கடனில் போன நிலம்

அமராவதி மாவட்டத்தில் உள்ள ஷெண்ட்காவ் கிராமத்தில், சலவைத் தொழிலாளர் குடும்பத்தில் 1876-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் டெபுஜி. தந்தை குடிப்பழக்கத்தால் இளம் வயதிலேயே இறந்து போனார். தாய் சக்குபாய் மகனை அழைத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குச் சென்றார். அங்கே டெபுஜி மாடு மேய்த்தார், ஏர் பிடித்தார். பள்ளிக்கூடம் போகவில்லை.

தாய்மாமன் வட்டிக்கடைக்காரரிடம் கடன் பட்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத குடும்பம். கணக்கு எப்படி ஏறியது என்றே தெரியவில்லை. நிலம் கையை விட்டுப் போயிற்று. குடி, கடன், படிப்பின்மை என்ற மூன்றும் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை அவர் சொந்த வீட்டிலேயே பார்த்தார். வாழ்நாள் முழுவதும் அவர் எதிர்த்துப் பேசியது இந்த மூன்றையும்தான்.

அவருக்கும் திருமணம் ஆயிற்று, குழந்தைகளும் பிறந்தன. மகளின் பெயர் சூட்டு விழாவில், உறவினர்களின் வழக்கப்படி சாராயமும் கறி விருந்தும் வைக்க வேண்டும். டெபுஜி இனிப்புச் சாப்பாடு போட்டார். உறவினர்கள் முகம் சுளித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

1905-ல் வீட்டை விட்டுப் புறப்பட்டார். காட்டுக்குப் போய்த் தவம் செய்யவில்லை. ஊர் ஊராக நடந்தார். தலையில் கவிழ்த்திருந்த அந்தச் சட்டிதான் அவருக்குச் சாப்பாட்டுப் பாத்திரம். மண் சட்டிக்கு மராத்தியில் உள்ள சொல்லை வைத்தே மக்கள் அவரைக் காட்கே பாபா என்று கூப்பிட்டார்கள்.

சிரிக்க வைத்த பஜனை

அவருடைய பஜனையில் பாட்டும் உண்டு, கேள்வியும் உண்டு. எதிரே இருப்பவர்களைப் பார்த்துக் கேட்பார். அவர்கள் பதில் சொல்வார்கள். பாமர மக்கள் பேசும் பேச்சிலேயே பேசுவார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிப்பின் நடுவே விஷயம் உள்ளே போய்விடும். கடன் வாங்கிக் கல்யாணம் செய்யாதீர்கள், குடிக்காதீர்கள், கடவுள் பெயரால் ஆடு கோழி வெட்டாதீர்கள், தீண்டாமை பாராட்டாதீர்கள், தட்டை விற்றாவது பிள்ளையைப் படிக்க வையுங்கள் என்பதே அவர் சொன்னவற்றின் சாரம்.

ஒரு முறை பஜனை நடந்துகொண்டிருந்தபோது, அவருடைய மகன் இறந்துவிட்ட செய்தி வந்ததாம். கூடியிருந்தவர்கள் பதறினார்கள். அவர் பஜனையை நிறுத்தவில்லை. தினமும் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் சாகிறார்கள். தன் பிள்ளைக்காக மட்டும் அழுவது எப்படி என்பது அவர் எண்ணம். அவருக்குப் பாசம் இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. அந்தப் பாசத்தை ஊருக்கே பங்கு வைத்துவிட்டார்.

சத்திரம் கட்டியவர் குடிசையில்

பண்டரிபுரம் விட்டலர் கோவிலுக்கு லட்சக்கணக்கானோர் நடந்தே வருவார்கள். தங்க இடம் இன்றி ஏழைகள் மழையில் நனைந்து கிடந்ததை அவர் பார்த்தார். பொதுமக்கள் தந்த பணத்தில் பண்டரிபுரம், நாசிக், ஆளந்தி முதலிய தலங்களில் தர்மசாலைகள் எழுப்பினார். ருணமோசன் என்ற ஊரில் பூர்ணா நதிக்குப் படித்துறை கட்டினார். மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரிக்கு வரும் ஏழை நோயாளிகளின் உறவினர்களுக்கும் தங்குமிடம் அமைத்தார். பல லட்சம் ரூபாய்க் கட்டிடங்கள் எழுந்தன. ஆனால் அவர் படுத்தது குடிசையில்தான். தன் குடும்பத்தார் அந்தக் கட்டிடங்களில் உரிமை கொண்டாடவும் அவர் விடவில்லை.

டாக்டர் அம்பேத்கரிடம் அவருக்கு மிகுந்த மதிப்பு. அம்பேத்கரும் அவரைப் போற்றினார். தாழ்த்தப்பட்ட மக்களுக்காகப் பண்டரிபுரத்தில் கட்டிய சோகாமேளர் தர்மசாலையை அம்பேத்கரின் கல்விக் கழகத்திடமே ஒப்படைத்தார்.

1956 நவம்பரில் மும்பை பாந்த்ராவில் அவருடைய கடைசி பஜனை நடந்தது. உடல் நலம் குன்றி அமராவதிக்குப் போகும் வழியில், டிசம்பர் 20-ந் தேதி உயிர் பிரிந்தது. அம்பேத்கர் மறைந்து அப்போது 2 வாரம்தான் ஆகியிருந்தது.

1998-ல் அவருக்கு அஞ்சல்தலை வெளியாயிற்று. 2000-ம் ஆண்டில் மராட்டிய அரசு தொடங்கிய கிராமத் தூய்மை இயக்கத்துக்கும், அமராவதி பல்கலைக்கழகத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது.

சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு, முன்பின் தெரியாத ஊரில் ஓர் இரவு படுக்க இடம் கிடைப்பது எத்தனை பெரிது என்பது தெரியும். இன்றும் பரேல் டாட்டா ஆஸ்பத்திரிக்குப் புற்றுநோய் சிகிச்சைக்காக வெளியூர்களிலிருந்து வருகிற பலர், தாதரில் அவர் பெயரால் நடக்கும் தர்மசாலையில்தான் தங்குகிறார்கள். அங்கே படுத்து எழுந்தவர்களில் அவரைக் கண்ணால் பார்த்தவர் அநேகமாக யாரும் இல்லை.

இத்தனைக்கும் அவரிடம் முதலாக இருந்தது ஒரு துடைப்பம். நம் வாசலைக் கூட்டும்போது பக்கத்து வாசலையும் சேர்த்துக் கூட்டினால், அவர் வழியில் நாமும் இரண்டடி நடந்தவர்கள் ஆவோம்.