எட்வின் ஹாட்டன்வில் ரிச்சர்ட்சன்

லெப்டினன்ட் கர்னல் எட்வின் ஹாட்டன்வில் ரிச்சர்ட்சன் (1863 - 1948) பிரித்தானியத் தரைப்படை அதிகாரியும் நாய்ப் பயிற்சியாளரும் நூலாசிரியரும் ஆவார். முதலாம் உலகப் போரின்போது, 1917ஆம் ஆண்டில், பிரித்தானியப் போர் நாய்ப் பள்ளியை அமைத்து நடத்தியவர் இவரே. கழுத்து வாரிலிருந்து அவிழ்த்து விடப்பட்ட நாய், எறிகணைகள் வெடிக்கும் நிலப்பரப்பைத் தனியே கடந்து தன் காப்பாளரிடம் தவறாமல் திரும்பி வருமாறு பழக்கியது இவரது முதன்மையான பணியாகும். நாயை அடித்துப் பணிய வைப்பதே பயிற்சி என்று பரவலாகக் கருதப்பட்ட காலத்தில், திரும்பி வரும் நாயை எக்காரணம் கொண்டும் தண்டிக்கலாகாது என்பதை இவர் தமது பள்ளியின் விதியாக்கினார்.

தொடக்க காலம்

இளமையில் படை அதிகாரியாகப் பணியாற்றிய ரிச்சர்ட்சன், 1890களின் நடுவில் ஸ்காட்லாந்தில் நண்பர் ஒருவரின் வேட்டை நிலத்தில் தங்கியிருந்தார். அங்கே வெளிநாட்டவர் ஒருவர் இடையர்களிடமிருந்து மேய்ப்பு நாய்களை விலைக்கு வாங்குவதைக் கண்டார். விசாரித்ததில், அவை ஜெர்மன் படைக்காக வாங்கப்படுகின்றன என்பது தெரிய வந்தது. நல்ல நாய்கள் பிரித்தானியாவில் இருக்க, அவற்றைப் படைக்குப் பயன்படுத்தும் எண்ணம் மட்டும் அங்கே இல்லாதது அவரை வருத்தியது. ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி அருகே தம் மனைவியின் துணையுடன் சொந்தச் செலவில் நாய்களைப் பழக்கத் தொடங்கினார். அவர் மனைவியும் தேர்ந்த பயிற்சியாளராக விளங்கினார்.

பிரித்தானியப் போர் அமைச்சு நீண்டகாலம் இவரைப் பொருட்படுத்தவில்லை. பிறர் பொருட்படுத்தினர். 1904 - 1905 ரஷ்ய - ஜப்பானியப் போரில் காயமுற்றோரைத் தேடுவதற்கு இவர் ஏர்டேல் டெரியர் இன நாய்களை ரஷ்யாவுக்கு அனுப்பினார். காவல்துறையினரும் இவரது நாய்களைப் பெற்றுக்கொண்டனர். இருந்தும் 1914ஆம் ஆண்டில் போர் மூண்டபோது பிரித்தானியப் படையில் முறையாக இடம்பெற்றிருந்தது ஒரேயொரு காவல் நாய்தான் என்று ரிச்சர்ட்சன் எழுதியுள்ளார்.

வுல்ஃப், பிரின்ஸ்

மேற்குப் போர்முனையில் தொலைபேசிக் கம்பிகள் எறிகணை வீச்சினால் நாள்தோறும் அறுந்தன. புகையிலும் மூடுபனியிலும் கொடி, விளக்கு முதலியவற்றால் சைகை காட்ட இயலவில்லை. செய்தியை எடுத்துக்கொண்டு சேற்றில் ஓடும் வீரர்கள் பெருமளவில் மாண்டனர். 1916ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பீரங்கிப் படை அதிகாரி ஒருவர் இதற்கு நாய்கள் பயன்படுமா எனக் கேட்டு எழுதினார். வுல்ஃப், பிரின்ஸ் என்னும் இரு ஏர்டேல் நாய்களை ரிச்சர்ட்சன் பழக்கி, அவ்வாண்டின் இறுதி நாளில் பிரான்சுக்கு அனுப்பினார். 1917 ஏப்ரலில் விமி மேட்டுத் தாக்குதலின்போது, பிற வழிகள் அனைத்தும் அறுபட்ட நிலையில், முன்னேற்றம் பற்றிய முதற் செய்தியைக் கொண்டு வந்தவை இந்த நாய்களே என்று அவர் பதிவு செய்துள்ளார். அதன் பின்னரே போர் அமைச்சு அசைந்து கொடுத்தது. எசெக்ஸ் மாவட்டத்தின் ஷூபரினெஸ் என்னுமிடத்தில் போர் நாய்ப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கே பீரங்கிச் சோதனைத் திடல் இருந்தமையால் வெடியோசைக்குப் பஞ்சமில்லை.

பயிற்சி முறை

தூது நாயின் வேலை கேட்பதற்கு எளியது. ஒரு காப்பாளரின் பொறுப்பில் மூன்று நாய்கள் விடப்பட்டன. காப்பாளர் பின்னணியில் உள்ள தலைமையிடத்திலேயே தங்கிவிடுவார். முன்னணிக்குச் செல்லும் காலாட்படையினர் நாயை வாரில் பிடித்து உடன் அழைத்துச் செல்வர். செய்தி அனுப்ப வேண்டியபோது கழுத்துப் பட்டையில் உள்ள சிறு தகரக் குப்பியில் தாளைச் செருகி, வாரை அவிழ்த்து விடுவர். அதன்பின் நாய்க்குக் கட்டளையிட எவரும் இல்லை. குரல் எட்டாது, சீழ்க்கையும் எட்டாது. நாய் தானாக விரும்பினால் மட்டுமே செய்தி வந்து சேரும். பூங்காவில் உலாவும் நாயை அழைத்து வரவழைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. எனினும் இரண்டிலும் அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான்: வார் இல்லாத நாய்க்கு, வழியில் உள்ள அனைத்தையும்விட வந்து சேரும் இடம் இனியதாக இருக்க வேண்டும்.

இதனால் அச்சுறுத்தல் இங்கே பயனற்றது என ரிச்சர்ட்சன் முடிவு செய்தார். அடிக்குப் பயந்த நாய் கண் எதிரே இருக்கும்வரை பணியும். அவிழ்த்து விட்டால் திரும்பி வராது. பள்ளியில் நாய்களைச் சிறிது தொலைவு கொண்டு சென்று விடுவித்து, ஓடி வந்ததும் காப்பாளர் தடவிக் கொடுத்து இறைச்சித் துண்டு அளிப்பார். தொலைவு நாளுக்கு நாள் கூட்டப்பட்டது. நீரோடை, முள்வேலி, புகை, மக்கள் நடமாடும் சாலை ஆகிய தடைகள் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டன. துப்பாக்கி ஓசையும் முதலில் தொலைவிலிருந்தும் பிறகு அருகிலிருந்தும் பழக்கப்பட்டது. வழியில் விளையாடிக் காலந்தாழ்த்தி வந்த நாயையும் அடிப்பதற்கு அனுமதி இல்லை. அதற்குப் பாடத்தை மீண்டும் தொடக்கத்திலிருந்து பொறுமையாகக் கற்பிக்க வேண்டும். வந்தவுடன் அடிபட்ட நாய், தாமதித்ததற்காக அடிபட்டதாகக் கருதாது. வந்ததற்காக அடிபட்டதாகவே கருதும். மாலை உலாவில் பத்து முறை அழைத்தும் வராத நாய் பதினோராம் முறை வந்ததும் அதனை வைது அடிக்கும் வளர்ப்பாளர்கள் செய்யும் பிழையும் இதுவே ஆகும்.

போர்முனையிலும் கட்டுப்பாடுகள் இருந்தன. முன்னணி வீரர்கள் நாய்க்கு உணவளிக்கவோ அதனைக் கொஞ்சவோ கூடாது. சேற்றுக் குழியில் கிடந்த வீரர்களுக்கு இது மிகக் கடினமான கட்டளையாக இருந்திருக்கும். ஆயினும் அங்கேயே அன்பும் உணவும் கிடைத்துவிட்டால் நாய் திரும்பி ஓட வேண்டிய தேவை இராது. தோல்விகளுக்குப் பெரும்பாலும் நாய் அன்றி, அதனைக் கையாண்ட மனிதரே காரணம் என்று ரிச்சர்ட்சன் கருதினார். நாய்களுடன் பழகியவர் என்பது மட்டும் போதாது. மென்மையும் பொறுமையும் இல்லாதவர் காப்பாளர் பணிக்குத் தகுதியற்றவர் என்பது அவர் கருத்து.

ஏர்டேல், கோலி, லர்ச்சர் எனப்படும் கலப்பின வேட்டை நாய் ஆகியவற்றை அவர் விரும்பித் தேர்ந்தார். வாலை முதுகின்மேல் சுருட்டி வைத்திருக்கும் நாய்கள் விளையாட்டுத்தனம் மிக்கவை என்று ஒதுக்கினார். இது அவரது அனுபவக் கூற்றேயன்றி அறிவியல் அடிப்படை கொண்டதன்று.

நாய்கள் வந்த வழி

முதலில் லண்டனின் பாட்டர்சீ முதலிய நாய்க் காப்பகங்களிலிருந்து, உரிமையாளர் அற்ற நாய்கள் பெறப்பட்டன. கொல்லப்பட இருந்த தெருநாய்கள் பலவற்றுக்கு இது மறுவாழ்வாகவும், சிலவற்றுக்கு வேறிடத்து மரணமாகவும் அமைந்தது. தேவை பெருகவே, பொதுமக்கள் தம் வளர்ப்பு நாய்களைத் தருமாறு வேண்டப்பட்டனர். உணவுத் தட்டுப்பாட்டினால் சிலரும் நாட்டுப்பற்றினால் சிலரும் கொடுத்தனர். கணவரையும் மைந்தரையும் போருக்கு அனுப்பிய பெண்மணி ஒருவர் இறுதியில் தம் நாயையும் அனுப்பி எழுதிய கடிதத்தை ரிச்சர்ட்சன் தம் நூலில் குறிப்பிட்டுள்ளார். அன்பினால் திரும்பி ஓடி வரும் நாயின் இயல்பே அதனைக் குண்டு மழைக்குள் செலுத்தப் பயன்பட்டது என்பதை இக்காலத்து வாசகர் கவனிக்காமல் இருக்க முடியாது.

மதிப்பீடு

தூது நாய்களின் வெற்றி பற்றிய செய்திகளுள் பெரும்பகுதி ரிச்சர்ட்சனின் எழுத்துகளிலிருந்தே கிடைப்பதால் அவற்றைச் சற்று எச்சரிக்கையுடன் கொள்ள வேண்டும். வழிதவறிய நாய்களும், வீரர்களின் செல்லப் பிராணிகளாகிவிட்ட நாய்களும் இருந்தன.

இவர் காலத்திலேயே ஜெர்மனியில் கொன்ராட் மோஸ்ட் 1910ஆம் ஆண்டில் வெளியிட்ட பயிற்சி நூல் பெரும் செல்வாக்குப் பெற்றது. அது வெகுமதியுடன் வலுக்கட்டாயத்தையும் தண்டனையையும் பயிற்சியின் கருவிகளாகக் கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நாய்ப் பயிற்சி அவ்வழியிலேயே சென்றது. வெகுமதி வழிப் பயிற்சி பரவலானது 1980களுக்குப் பிறகுதான். அதனைப் பரப்பியவர்கள் கற்றல் பற்றிய உளவியல் ஆய்வுகளிலிருந்து வந்தனரேயன்றி ரிச்சர்ட்சனின் பள்ளியிலிருந்து அல்லர்.

பிற்காலம்

போர் முடிந்ததும் தூது நாய்ச் சேவை கலைக்கப்பட்டது. பள்ளி ஷூபரினெஸிலிருந்து நியூ ஃபாரஸ்ட் காட்டுப் பகுதிக்கும் பின்னர் சாலிஸ்பரி சமவெளியில் உள்ள புல்ஃபோர்டுக்கும் மாறியிருந்தது. ரிச்சர்ட்சன் தொடர்ந்து வீட்டுக் காவல் நாய்களைப் பழக்கி விற்று வந்தார். போர், காவல் நாய்கள் குறித்து 1910இலும், போர் நாய்களின் பயிற்சியும் உளவியலும் குறித்து 1920இலும், நாய்களுடன் தாம் கழித்த நாற்பதாண்டுகள் குறித்து 1929இலும் நூல்களை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படை மீண்டும் நாய்களைத் திரட்டி, புதிய பள்ளி ஒன்றை அமைத்துப் பயிற்சியைப் புதிதாகத் தொடங்கியது. ரிச்சர்ட்சன் 1948ஆம் ஆண்டில் காலமானார்.