பூட்டும் நாணயமும்

நெகிரி செம்பிலான் தோட்டப் புறங்களில் கடை வைத்திருக்கும் நமக்குப் பூட்டும் தாழ்ப்பாளும் அன்றாடச் சரக்கு. ஆயுதப் பெட்டிக்குத் தாழ் வாங்க வரும் தச்சர், லாரி குலுக்கலில் அது திறந்துகொள்ளக் கூடாது என்பார். வேலை நேரத்தில் தொட்டவுடன் திறக்கவும் வேண்டும் என்பார். இவ்விரண்டும் ஒன்றுசேர்வது எளிதன்று. அத்துறையில் உழைத்துப் பெயரெடுத்தவர் அர்தேஷிர் கோத்ரெஜ்.

அவர் 1868-இல் பம்பாயில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். வக்கீலாகி ஜான்ஸிபார் சென்றார். கட்சிக்காரருக்காக உண்மையை வளைக்க மனம் இசையாமல் அத்தொழிலையே துறந்து ஊர் திரும்பினார். பின்பு கடன் வாங்கி வைத்தியக் கருவிகள் செய்தார். வாங்க வந்த கம்பெனியோ அவற்றின்மீது அந்நிய நாட்டு முத்திரை வேண்டுமென்றது. அவர் இணங்கவில்லை, தொழில் நின்றது, கடன் நின்றது.

பம்பாயில் திருட்டு மிகுந்த செய்தியைப் பத்திரிகையில் கண்டு, 1897-இல் லால்பாக்கில் பூட்டுப் பட்டறை தொடங்கினார். உள்ளே ஸ்பிரிங் தளர்ந்தால் பூட்டு கெடும். ஆகவே ஸ்பிரிங்கே இல்லாத பூட்டை அமைத்தார். அடுத்து இரும்புப் பெட்டகங்களும் செய்தார். 1936-இல் காலமானார்.

1951-52-இல் இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கு அவரது ஸ்தாபனம் லட்சக்கணக்கான வாக்குப் பெட்டிகளை உட்பூட்டு வைத்துச் செய்து கொடுத்தது.

சரக்கு எந்த நாட்டுடையது என்று வாடிக்கையாளர் நம்மைக் கேட்கும்போது, உள்ளதை உள்ளபடி சொல்வோமாக. ஒரு விற்பனை தவறலாம். கடையின் பெயர் நிற்கும்.