மைனஸ் குறிக்குச் சொந்தக்காரர்



முதலாண்டில் லென்ஸ் விதி என்று கேட்டதும் கண்ணாடி லென்ஸ் சமாச்சாரம் என்றுதான் நினைத்தேன். சிரிக்காதீர்கள், நம் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான்! பிறகு வைவாவில், தூண்டப்படும் இ.எம்.எஃப்.-க்கு முன்னால் மைனஸ் ஏன் என்று கேட்டார்கள். எதிர்ப்பதால் சார் என்றேன். எதை, ஏன் என்றார்கள். வாயடைத்து நின்றேன். அந்த அவமானத்தில்தான் இந்த மனிதரைத் தேடிப் படித்தேன்.

ஹைன்ரிக் ஃபிரெடரிக் எமில் லென்ஸ் 1804-ல் டோர்பாட் நகரில் பிறந்தார். அன்று ரஷ்யப் பேரரசில் இருந்த ஊர். இன்று எஸ்டோனியாவில் டார்ட்டு என்ற பெயரில் இருக்கிறது. இளம் வயதிலேயே தந்தையை இழந்தவர். சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வேதியியலும் படித்தார். அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது ஒரு கப்பல். 1823-ல் கோட்செபூ என்ற ரஷ்யக் கடற்படை அதிகாரி உலகைச் சுற்றக் கிளம்பியபோது, ஆராய்ச்சிக்காக இவரும் கூடப் போனார். வயது 19! நம்மைவிட ஒன்றுதான் கூட. மூன்று வருஷம், ஆழ்கடலிலிருந்து நீரை எடுத்து வெப்பநிலையும் உப்பும் அளந்துகொண்டே இருந்தார். அந்தப் பொறுமைதான் பின்னால் கைகொடுத்தது என்பது என் எண்ணம்.

ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தது 1831-ல். காந்தம் அசைந்தால் சுருளில் மின்னோட்டம் வருகிறது, சரி. எந்தத் திசையில்? ஃபாரடேயும் திசை சொன்னார், ஆனால் ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு விதமாக. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த லென்ஸ் 1833-ல் எல்லாவற்றையும் ஒரே விதியில் அடக்கிவிட்டார். தூண்டப்படும் மின்னோட்டம், தன்னை உண்டாக்கிய அசைவையே எதிர்க்கும் திசையில் ஓடும். அவ்வளவுதான். வடமுனையைச் சுருளின் பக்கம் கொண்டுபோனால் சுருளின் அந்த முகமும் வடமுனையாகித் தள்ளும். வெளியே இழுத்தால் தென்முனையாகிப் பிடித்து இழுக்கும்.

எதிர்க்காமல் உதவி செய்தால் என்ன ஆகும்? லேசாக ஒரு தள்ளு தள்ளினால் போதும், காந்தம் தானே வேகமெடுத்து ஓடும், மின்சாரமும் இலவசமாக வந்துகொண்டே இருக்கும்! அப்படி நடக்காது. நாம் தள்ளுகிற வேலைதான் மின்சாரமாக மாறுகிறது.

அப்பாவின் பழைய சைக்கிளில் டைனமோ உண்டு. லைட் எரியும்போது மிதி கனக்குதுடா என்பார். பல்பு ஃப்யூஸ் ஆன நாளில் டைனமோ உருண்டாலும் அவ்வளவு கனக்காது. ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, எனக்கும்தான். நம் லேபில் ஜெனரேட்டருக்கு லாம்ப் லோடை ஒவ்வொன்றாகப் போடும்போது மோட்டார் முனகுகிறதே, அதுவும் இதேதான்.

இதைக் கணக்காக எழுதியவர் நாய்மன், 1845-ல். ஆக, மைனஸ் குறிக்குக் காரணம் மட்டும்தான் லென்ஸ். மின்னோட்டம் தரும் வெப்பத்தின் விதியையும் ஜூலைப் பார்க்காமல் தானே 1842-ல் கண்டார். ரஷ்யாவில் அதை ஜூல்-லென்ஸ் விதி என்கிறார்கள், நம் புத்தகத்தில் ஜூல் மட்டும்தான்! 1863-ல் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். இரண்டே வருஷத்தில், 1865-ல், ரோம் நகரில் காலமானார்.

அடுத்த வைவாவில் அதே கேள்வி வந்தால் அப்பாவின் சைக்கிளைச் சொல்லப்போகிறேன்.