அண்ணாவும் கண்ணியமிகு நண்பரும்

1909இல் காஞ்சியில் நெசவாளர் குடியிற் பிறந்தவர் அறிஞர் அண்ணா. 1940இல் பெரியாருடன் பம்பாய் சென்று ஜின்னாவைக் கண்டார். அச்சந்திப்பைச் சுட்டி, பிரிவினைப் பேச்சில் முளைத்த உறவே இசுலாமியரோடு அவர் கொண்டது என்பர் ஒரு சாரார். ஆயின், 1963இல் திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்ட பின்னரும் அவ்வுறவு அறுபடவில்லையே! 1967இல் காயிதே மில்லத்தின் முஸ்லிம் லீக்கோடு கண்ட கூட்டணி வெறும் வாக்குக் கணக்கு என்பர் மற்றொரு சாரார். கணக்கு இல்லாமலில்லை, இராசாசியின் சுதந்திராக் கட்சியும் அவ்வணியில் இருந்தது. எனினும், சுயமரியாதை இயக்கத்தில் வளர்ந்த அவர் மீலாது விழா மேடைகளில் நபிகளைப் போற்றிப் பேசியதை நம் உத்திரமேரூர்த் திண்ணை வழக்காடிகள் ஏனோ நினைப்பதில்லை. 1969 பிப்ரவரி 3இல் மறைந்த அண்ணா மெரினாவில் துயில்கிறார். 1972இல் மறைந்த காயிதே மில்லத், அருகே திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில்.