இறந்து 72 வருஷம் கழித்து மன்னிப்பு... யார் இந்த ஜாக் ஜான்சன்?

2018 மே மாதம், ஒரு குத்துச்சண்டை வீரருக்கு அமெரிக்க அதிபர் டிரம்ப் பொதுமன்னிப்பு வழங்கினார். அதைப் பெற்றுக்கொள்ள அந்த வீரர் உயிரோடு இல்லை. அவர் இறந்தே கிட்டத்தட்ட 72 வருஷம் ஆகியிருந்தது. பெயர் ஜாக் ஜான்சன். உலக ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர். அப்படி என்ன குற்றம் செய்தார்?

ஜெயிலில் கற்ற பாடம்

1878-ல் டெக்சாஸின் கால்வெஸ்டனில் பிறந்தார் ஜான்சன். அப்பா, அம்மா இருவருமே அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள். துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டே சண்டை பழகினார். 1901-ல் ஜோ சோயின்ஸ்கி என்ற அனுபவசாலி இவரை மூன்றே ரவுண்டில் சாய்த்தார். அப்போது டெக்சாஸில் காசுக்காகக் குத்துச்சண்டை போடுவது சட்டவிரோதம். ஜெயிச்சவர், தோத்தவர் இருவரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. சுமார் மூன்று வாரம் உள்ளே இருந்தபோது, சோயின்ஸ்கியே இவருக்குப் பயிற்சி கொடுத்தார். அடிப்பதைவிட அடி வாங்காமல் இருப்பதுதான் முக்கியம் என்ற ஜான்சனின் பாணி அங்கேதான் மெருகேறியது.

சாம்பியனைத் துரத்திய சவால்

1903-லேயே கறுப்பினத்தவருக்கான ஹெவிவெயிட் பட்டம் கையில் இருந்தது. ஆனா உலகப் பட்டத்துக்கு மோத விடவில்லை. சாம்பியன் ஜிம் ஜெஃப்ரிஸ் இவரோடு மோத மறுத்து, 1905-ல் தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றார். பிறகு சாம்பியனான கனடாக்காரர் டாமி பர்ன்ஸை இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என விடாமல் துரத்தினார் ஜான்சன். 30,000 டாலர் தருவதாகச் சொன்ன பிறகே பர்ன்ஸ் சம்மதித்தார். ஜான்சனுக்குக் கிடைத்தது 5,000 டாலர்தான். 1908 டிசம்பர் 26, சிட்னி. பர்ன்ஸ் வாங்கிய அடியைப் பார்த்து, 14-வது ரவுண்டில் போலீஸே சண்டையை நிறுத்தியது.

வெள்ளையர்களின் கௌரவத்தைக் காப்பாற்ற ஜெஃப்ரிஸை மறுபடி வளையத்துக்கு இழுத்து வந்தார்கள். 1910 ஜூலை 4-ம் தேதி ரெனோவில் நடந்த மோதலில் 15-வது ரவுண்டில் அவரும் விழுந்தார். அன்றிரவு அமெரிக்காவின் பல நகரங்களில் கலவரம். செத்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர்கள்.

வளையத்துக்கு வெளியே விழுந்த அடி

வேகமான கார்கள், விலை உயர்ந்த உடைகள், வெள்ளையினப் பெண்களுடன் உறவு என யாருக்கும் அடங்காமல் வாழ்ந்தார் ஜான்சன். அவர் உத்தமரும் இல்லை. மனைவி எட்டாவை அடித்துக் கொடுமைப்படுத்தியிருக்கிறார். எட்டா 1912-ல் தற்கொலை செய்துகொண்டார். ஆனா அரசு அவரைத் தண்டித்தது அதற்காக இல்லை.

தவறான நோக்கத்துக்காகப் பெண்களை ஒரு மாகாணத்தில் இருந்து இன்னொன்றுக்கு அழைத்துச் செல்வதைத் தடுக்க 1910-ல் வந்தது மான் சட்டம். பாலியல் தொழிலுக்காகப் பெண்களைக் கடத்துவோரைப் பிடிக்கக் கொண்டுவந்த சட்டம் இது. அதை வைத்து ஜான்சனின் சொந்த உறவுகளைக் குற்றமாக்கினார்கள். முதல் வழக்கில் சம்பந்தப்பட்ட பெண் சாட்சி சொல்ல மறுத்து, அவரையே கல்யாணம் செய்துகொண்டார். அரசு விடவில்லை. முன்னாள் காதலி ஒருவரின் சாட்சியத்தை வைத்து, 1913-ல் முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. ஒரு வருஷம் ஒரு நாள் சிறை.

ஜாமீனில் இருந்தவர் கனடா வழியாக ஐரோப்பாவுக்குத் தப்பினார். 1915-ல் ஹவானாவில் ஜெஸ் வில்லார்டிடம் 26-வது ரவுண்டில் பட்டத்தை இழந்தார். 1920-ல் திரும்பி வந்து சரணடைந்து தண்டனையை அனுபவித்தார். 1946-ல் கார் விபத்தில் இறந்தார்.

ஏன் இன்றும் பேச வேண்டும்?

ஜான்சனுக்குப் பிறகு 22 வருஷம் எந்தக் கறுப்பினத்தவரும் ஹெவிவெயிட் சாம்பியன் ஆகவில்லை. 1937-ல் ஜோ லூயிஸ் வந்தார். வெள்ளையினப் பெண்களோடு போட்டோவில் நிற்கக் கூடாது, தோத்தவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என லூயிஸுக்கு அவரது மேலாளர்கள் கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். சுருக்கமா சொன்னா, ஜான்சன் மாதிரி இருக்கக் கூடாது. ஒருவரைத் தண்டித்ததற்கான விலையை அடுத்த தலைமுறையும் சேர்த்தே கொடுத்தது. 2018-ல் வந்த மன்னிப்பு, ஜான்சன் பெயரில் இருந்த குற்றத்துக்கு மட்டும்தான்.