காசு வார்த்த களிமண்ணைச் சேர்த்த விஞ்ஞானி

டில்லியிலிருந்து பட்டிண்டா மார்க்கமாகச் செல்லும் ரயிலில் சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தில் வருவது ரோதக். அவ்வூரை ஒட்டி கொக்ரா கோட் என்ற பழைய மண்மேடு இருக்கிறது. 1936 மார்ச்சில் அங்கே வந்த ஒருவர், சுட்ட களிமண் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். மற்றவர்கள் பானை ஓடு என்று தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் போகவில்லை.

அவர் தொல்பொருள் இலாகாவைச் சேர்ந்தவர் அல்ல. லக்னோ பல்கலைக் கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் டாக்டர் பீர்பால் சஹானி. 1891 நவம்பர் 14ந் தேதி, இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் ருசிராம் சஹானி லாகூரில் ரசாயனப் பேராசிரியர். கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய சஹானி, 1921ல் லக்னோவில் பொறுப்பேற்றார். கல்லாகிப்போன செடிகொடிகளை ஆராய்வதே அவர் தொழில். இலை மக்கி மறைந்து பல கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும். அதன் பதிவு மட்டும் பாறையில் நிற்கும். அந்தப் பழக்கமுள்ள கண்ணுக்கு, களிமண்ணில் இருந்த வட்டப் பதிவு தப்புமா? காசு போய்விட்டது, அதன் தடம் இருந்தது.

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியில் வாழ்ந்த யௌதேயர் என்ற வீரக்குடியினரின் நாணயச் சாலை அது. இடம் வலமாகத் திரும்பிய பிராமி எழுத்துக்கள் அச்சுகளில் தெரிந்தன. அங்கே ஆயிரக்கணக்கான துண்டுகள் கிடைத்தன. எல்லாம் உடைசல்! ஏன் என்பதற்கும் சஹானி விடை கண்டார்.

வார்ப்படப் பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வட்டமான களிமண் தட்டில் காசு அளவுக்குக் குழிகள். நடுவில் ஒரு துளை. துளையிலிருந்து ஒவ்வொரு குழிக்கும் ஒரு வாய்க்கால். இப்படிப் பல தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெளியே மண் பூசிச் சுடுவார்கள். மேலே உருக்கிய உலோகத்தை ஊற்றினால் அத்தனை குழிகளும் ஒரே ஊற்றில் நிரம்பும். ஆறியபின் அச்சை உடைத்தால்தான் காசு வெளியே வரும். காசுக்குப் பெட்டகம், உடைந்த அச்சுக்குக் குப்பைமேடு. சஹானி சேகரித்தது அந்தக் குப்பையைத்தான்.

அதே ஆண்டு பெங்களூரிலிருந்து வெளிவரும் கரண்ட் சயின்ஸ் இதழில் இதுபற்றி எழுதினார். லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியதும் 1936ல்தான். அது தாவர ஆராய்ச்சிக்காக. பிறகு மற்ற ஊர்களில் கிடைத்த அச்சுகளையும் ஒப்பிட்டு, பண்டைய இந்தியாவில் காசு வார்த்த முறைபற்றி அவர் எழுதிய நூலை, 1945ல் இந்திய நாணயவியல் சங்கம் வெளியிட்டது, பதக்கமும் அளித்தது.

1949 ஏப்ரல் 3ந் தேதி, லக்னோவில் அவருடைய தாவரப் புதைபடிவ ஆராய்ச்சி நிலையத்துக்குப் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். அந்தக் கல்லிலும் புதைபடிவங்களைப் பதித்திருந்தார் சஹானி. சரியாக ஒரு வாரத்தில், ஏப்ரல் 10ந் தேதி, மாரடைப்பால் காலமானார். கட்டடம் எழும்பு முன்பே அவர் போய்விட்டதால், மனைவி சாவித்திரி சஹானி பொறுப்பை ஏற்று நிலையத்தை நடத்தினார். இன்று அது அவர் பெயரிலேயே இயங்குகிறது.